ஷேர் என்னும் சொல்லும் நமது பங்கும்



நம் மக்களின் நாவிலே நாள்தோறும் புழங்குகின்ற ஆங்கிலச் சொற்கள் பலவாகும். அவற்றுள் சிலவற்றை நாம் ஆங்கிலம் என்றே எண்ணுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு படத்தையோ பாடத்தையோ கைத்தொலைபேசியிலே ஒருவர்க்கொருவர் அனுப்பும்போது "ஷேர் பண்ணு" என்கின்றனர். முச்சக்கரவண்டிக் கூலியை நால்வர் சேர்ந்து கொடுத்தால் அதுவும் ஷேர். கொழும்பிலே செல்வர்கள் வாங்கி விற்பதும் ஷேர். இந்தச் சிறு சொல்லின் பொருள் என்ன, அஃது எங்கிருந்து பிறந்தது, மலையகத்திலே வாழும் நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

இதனை ஆராயும் எண்ணம் எனக்குத் தானாக எழவில்லை. ஒரு மூதாட்டி எழுப்பினார். கினிகத்தேனையிலே மழைக்குப் பஞ்சமில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய மழைநாளின் மாலைப்பொழுதொன்றில், பாடசாலை விட்டபின், என் அலுவலகத்தின் வாசலிலே அவர் வந்து நின்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தம் பேரன் எம்மிடம் படிக்கின்றான் என்றார். மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதனுள் ஒரு துணி. துணிக்குள் நான்காய் மடித்த ஒரு தாள்.

"மாஸ்டரையா, இது எம் பேருக்கு வந்த கடுதாசிங்க. வருசம் ரொம்ப ஆச்சு. என்னா ஏதுன்னு ஒருத்தரும் வெவரமாச் சொல்லல. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்" என்றார்.

தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு தோட்டக் கம்பனியிலே அவர் பெயருக்குச் சில பங்குகள் உண்டு என்பதற்கான சான்றிதழ் அது. நான் அதனைப் படித்துவிட்டு, "அம்மா, இது ஷேர்ப் பத்திரம். கம்பனியிலே உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று சொல்கிறது" என்றேன்.

அவர் முகம் சற்றே மலர்ந்தது. சன்னலுக்கு வெளியே மூடுபனியிலே மறைந்திருந்த மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பங்குன்னா, மலையிலதானுங்களே? எந்தப் பக்கத்துப் பங்குங்க?" என்று கேட்டார்.

நேயர்களே, முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிலே நின்று பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை கூறி வந்தவன் நான். அன்று அந்த அம்மையாருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவர் கேட்டது அறியாமையால் கேட்ட கேள்வி என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் இருப்பதைக் காணலாம்.

ஷேர் என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. இலத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ கடன் வாங்கியதன்று. அம்மொழியின் சொந்தச் சொத்து. பழைய ஆங்கிலத்திலே அதன் பொருள் வெட்டுதல், வெட்டிப் பிரித்தல் என்பதாகும். ஆட்டின் உரோமத்தைக் கத்தரிப்பதற்கு ஆங்கிலர் வழங்கும் ஷியர் என்னும் வினையும் இதுவும் ஒரே வயிற்றிற் பிறந்தவை. அந்த ஷியர் நமக்குப் புதியதன்று. இப்பொழுது சில தோட்டங்களிலே கைவிரலாற் கிள்ளாது கத்தரியாற் கொழுந்து வெட்டுகிறார்களே, அந்தக் கத்தரிக்கு ஷியர்ஸ் என்பதே பெயர். கலப்பையின் நுனியிலே நிலத்தைக் கீறிச் செல்லும் கொழுவையும் ஆங்கிலர் ஷேர் என்றே அழைப்பர். நிலத்தை வெட்டுவதும் ஷேர். வெட்டிய துண்டும் ஷேர்.

இந்தக் குடும்பம் பெரியது. குட்டையானது என்னும் பொருளுடைய ஷோர்ட் என்னும் சொல் 'வெட்டிக் குறைக்கப்பட்டது' என்னும் கருத்தில் எழுந்தது. நாம் அணியும் ஷேர்ட்டும் பெண் பிள்ளைகள் அணியும் ஸ்கேர்ட்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இரண்டும் வெட்டித் தைத்த குட்டை உடைகள். கிரிக்கெட் ஆட்டத்திலே பிள்ளைகள் ஆவலோடு கேட்கும் ஸ்கோர் என்பதும் இக்குடும்பத்துச் சொல்லே. முற்காலத்திலே கணக்கு வைப்பதற்கு ஒரு கோலிலே கத்தியால் வெட்டுக் குறிகள் இடுவர். அவ்வெட்டுக்கே ஸ்கோர் என்று பெயர். கிரிக்கெட்டின் தொடக்க காலத்திலும் ஓட்டங்களை இவ்வாறு கோலிலே வெட்டியே எண்ணினர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. ஷேர் என்பதைப் போலவே ஒலிக்கும் சேர் என்னும் சொல் தமிழிலும் உண்டு. அதன் பொருளோ ஒன்றுகூடு, இணை என்பது. ஆங்கில ஷேர் வெட்டுகிறது. தமிழ்ச் சேர் கூட்டுகிறது. இவ்விரண்டுக்கும் உறவு ஏதும் கிடையாது, ஒலியொற்றுமை தற்செயலானது. ஒலியை மட்டும் கொண்டு சொற்களுக்கு உறவு கற்பிப்பது தவறு என்பதற்கு இதனை நான் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

ஆனால் பொருளைக் கொண்டு பார்த்தால் இரு மொழிகளும் ஒரே வழியிற் சிந்தித்திருப்பது வியப்பைத் தருகின்றது. தமிழிலே பங்கு என்பது 'பகு' என்னும் அடியைச் சேர்ந்தது. பகுத்தல் என்றால் பிரித்தல். பகுதி, பகிர்வு, பாதி, பால் ஆகியன எல்லாம் இந்த அடியின் கிளைகள். பகல் என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழிலே பிரித்தல் என்றும், நடு என்றும், நடுவுநிலைமை என்றும் பொருள் உண்டு. நுகத்தடியின் நடுவிலே இரண்டு எருதுகளுக்கும் சமமாக நிற்கும் ஆணிக்கும் அதுவே பெயர். பிரிப்பதற்கும் நடுவு நிற்பதற்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கினர். பகுப்பவன் நடுவு நிற்க வேண்டும் என்னும் அறம் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. வடமொழியின் பாகம் என்னும் சொல் ஒலியாலும் பொருளாலும் இதனை ஒத்திருப்பினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

துணி என்னும் சொல்லையும் பாருங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டிய கூறு துண்டு. வெட்டிய ஆடை துணி. ஆங்கிலத்தின் ஷேர்ட் எவ்வழியில் வந்ததோ அவ்வழியிலேயே நமது துணியும் வந்தது. ஐயத்தை வெட்டி ஒரு முடிவுக்கு வருதல் துணிவு. ஆங்கிலத்திலே முடிவு செய்தலைக் குறிக்கும் டிசைட் என்னும் சொல்லும் 'வெட்டிவிடு' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

துண்டு என்றவுடன் நம் தோட்டத்து முதியோர்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஒரு காலத்திலே தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்கள் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள் வேண்டும். அந்தக் கடனைத் தீர்ப்பவருக்கே அவர்கள் விடுவிக்கப்படுவர். அதற்குத் துண்டு என்று பெயர். 1921ஆம் ஆண்டிலே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனிதரின் உழைப்பைத் துண்டு துண்டாக விலை பேசிய காலம் அது.

பங்கு என்னும் கருத்து பிறந்த பின் அஃது இரு திசைகளிலே வளர்ந்தது. ஒன்று விதி; மற்றொன்று உறவு.

விதியைக் குறிக்கப் பழந்தமிழிலே பால் என்று ஒரு சொல் உண்டு. பால் என்றால் பகுப்பு. ஒவ்வொருவர்க்கும் வகுத்து வைக்கப்பட்ட பகுப்பே ஊழ் என்று கருதினர். பண்டைக் கிரேக்கரும் அவ்வாறே எண்ணினர். விதித் தெய்வத்தை அவர்கள் மொய்ரா என்றழைத்தனர், அச்சொல்லின் நேர்ப்பொருள் பங்கு என்பதே. ஆங்கிலத்திலே ஷேருக்கு நெருங்கிய மற்றொரு சொல் லொட். பங்கு பிரிப்பதற்காகக் குலுக்கிப் போடும் சிறு கட்டைக்கு முதலில் அப்பெயர் இருந்தது. பின்னர் அதனாற் கிடைத்த பங்குக்கும், அதற்கும் பின்னர் மனிதனுடைய தலைவிதிக்கும் அதுவே பெயராயிற்று. நாம் வாங்கும் லொத்தர்ச் சீட்டு இந்த இனத்தைச் சேர்ந்தது. 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி கொழும்பிலே முதன்முதலாகத் தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்று முதல் நம் தேயிலை லொட் லொட்டாகவே விலை கூறப்பட்டு வருகின்றது. மலையிலே விளைந்ததன் தலைவிதியைக் கொழும்பிலே தீர்மானிக்கின்றனர் என்றாலும் பொருந்தும்.

இனி உறவு. பங்காளி என்று நாம் யாரை அழைக்கின்றோம்? ஒரே பாட்டன் சொத்திலே உரிமை உள்ளவர்களை. ஆங்கிலத்திலே வியாபாரக் கூட்டாளியைக் குறிக்கும் பார்ட்னர் என்னும் சொல்லும் முதலிலே உடனுரிமையாளரை, அதாவது தந்தையின் சொத்தைச் சேர்ந்து அனுபவிக்கும் வாரிசுகளைக் குறித்தது. நம் பங்காளியும் அவர்கள் பார்ட்னரும் ஒரே முற்றத்திலே பிறந்தவர்கள். பங்காளிச் சண்டை என்னும் தொடர் நம்மிடம் இருப்பது போல ஆங்கிலத்தில் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

யாழ்ப்பாணத்திலே ஒரு கிணற்றைப் பல குடும்பத்தார் முறைவைத்து இறைப்பர். அது பங்குக் கிணறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒல்லாந்தர் ஆட்சியின்போது தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தின்படி, கூட்டுக் காணியிலே ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால் அதனை வாங்கும் முதல் உரிமை மற்றப் பங்காளருக்கே உண்டு. பங்கு என்பது வெறும் பொருளன்று, அயலவரோடு கட்டுண்ட உறவு என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது.

நம் மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களிலோ பங்குவ என்னும் சொல் வழங்குகின்றது. விகாரை நிலங்களையும் தேவாலய நிலங்களையும் பயிரிடும் குடிகள் ஒவ்வொருவரும் அனுபவித்த நிலக்கூறு பங்குவ எனப்பட்டது. அந்தக் கூறுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஊழியத்தைச் செய்ய வேண்டும். 1870ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் இயற்றிய ஊழிய நிலவுரிமைச் சட்டத்திலும் இச்சொல் ஆங்கில எழுத்திலே அப்படியே இடம்பெற்றுள்ளது. நம் பங்கும் அவர்கள் பங்குவவும் உறவினர் என்பதைக் காதே சொல்லிவிடும். நெல்வயலிலே விளைச்சலைப் பகிர்ந்துகொள்ளும் வாரக்குடிகளின் உரிமையைக் காப்பதற்காக 1958ஆம் ஆண்டிலே நெற்காணிச் சட்டம் வந்தது. ஆக, இந்நாட்டிலே தமிழரானாலும் சிங்களவரானாலும் பங்கு என்ற மாத்திரத்திலே நினைப்பது நிலத்தையும் நீரையும் விளைவையுமே. மூதாட்டி மலையைப் பார்த்ததிலே தவறென்ன?

அப்படியாயின், நிலத்திலே கிடந்த பங்கு தாளிலே ஏறியது எப்பொழுது?

கி.பி. 1600 அளவிலே ஆங்கிலத்திலே ஷேர் என்னும் சொல் வியாபாரப் பொருளைப் பெற்றது. நாடகக் குழுக்களிலே இலாபத்திற் பங்குடைய நடிகரை ஷேரர் என்றனர். பெரும்புலவராகிய ஷேக்ஸ்பியரும் தம் குழுவிலே அத்தகைய ஒரு ஷேரரே. கடல் கடந்து வாணிகம் செய்யக் கப்பலுக்கும் சரக்குக்கும் பெரும் பணம் வேண்டும். ஒருவராற் கொடுக்க இயலாததைப் பலர் கூடிக் கொடுத்தனர். கப்பல் மூழ்கினால் ஒவ்வொருவர்க்கும் தத்தம் பங்களவே நட்டம். கரைசேர்ந்தால் பங்களவுக்கு இலாபம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி 1600ஆம் ஆண்டின் கடைசி நாளிலே பட்டயம் பெற்றது. 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கி, நாட்டு மக்கள் எவரும் பணம் கட்டிப் பங்காளராகலாம் என்று அறிவித்தனர். அம்ஸ்டர்டாம் நகரிலே மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் எழுதிக் கொடுத்தனர். பதிவேடு வைக்கப்பட்டிருந்த வீட்டிலே வேலை செய்த பணிப்பெண் ஒருத்தியும் 100 கில்டர் செலுத்தித் தன் பெயரைப் பதிந்தாள். இந்தக் கம்பனியே 1658 முதல் 1796 வரை நம் நாட்டின் கரையோரத்தை ஆண்டது. இலங்கையின் கறுவாவும் யானையும் முத்தும் ஒல்லாந்து தேசத்திலே தாளில் எழுதிய பங்குகளாக மாறின.

இந்த மாற்றத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஒரு பலாப்பழத்தை நான்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டையும் கையிலே எடுக்கலாம். ஒரு கம்பனியை அவ்வாறு வெட்ட முடியாது. கப்பலிலே பங்குள்ளவர் தம் பங்கு இதுவென்று ஒரு பலகையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அங்கே வெட்டப்படுவது பொருளன்று, உரிமை. இலாபம் வந்தால் அதிலே ஒரு கூறு பெறும் உரிமை, பொதுக்கூட்டத்திலே வாக்களிக்கும் உரிமை, கம்பனி கலைக்கப்பட்டுக் கடன்கள் எல்லாம் தீர்ந்தபின் எஞ்சியதிலே ஒரு கூறு பெறும் உரிமை. கம்பனிப் பங்கு என்பது இவ்வளவுதான். சொல் பழையது, ஆனால் அது குறிக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது.

நம் மலைநாட்டுக்கு இந்த ஷேர் தேயிலையோடு வந்தது. 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 முதற் பரவிய இலைநோயினாற் கோப்பி அழிந்தது. அதன்பின் தேயிலைக்குப் பெரும் மூலதனம் தேவைப்பட்டது; காடழிக்க, தொழிற்சாலை கட்ட, இயந்திரம் இறக்க எல்லாவற்றுக்கும் பணம். ஆகவே தோட்டங்கள் கம்பனிகளாயின. கம்பனிகளின் பங்குகளை வாங்கவும் விற்கவும் கொழும்பிலே 1896ஆம் ஆண்டில் பங்குத் தரகர் சங்கம் ஒன்று தோன்றியது. இன்றைய கொழும்புப் பங்குச்சந்தையின் வேர் அதுவே. இந்நாட்டிலே பங்கு வியாபாரம் பிறந்ததே தேயிலைக்காகத்தான். காடு வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் அந்தப் பங்கேட்டிலே இடம்பெறவில்லை. அவர்கள் பெயர் பெரட்டுக் களத்துச் செக்ரோலிலே இருந்தது.

பின்பு காலம் மாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டிலே அவை 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டன. நிலம் அரசாங்கத்துக்கே உரியதாக இருக்க, 53 ஆண்டுக் குத்தகையே கம்பனிகளுக்குக் கிடைத்தது. 1995 முதல் இக்கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது பெரும்பான்மையான 51 வீதம் முதலீட்டாளர் கைக்குச் சென்றது. 10 வீதம் தோட்டத்து ஊழியர்க்கும் தொழிலாளர்க்கும் இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அரசாங்கம் தனக்கென ஒரேயொரு பங்கை வைத்துக்கொண்டது. அதற்குத் தங்கப் பங்கு என்று பெயர். அந்த ஒற்றைப் பங்கு இல்லாமற் கம்பனியின் அடிப்படை விதிகள் சிலவற்றை மாற்ற முடியாது. ஆயிரமாயிரம் சாதாரணப் பங்குகளுக்கு இல்லாத வலிமை ஒரு பங்குக்கு இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்தப் பத்து வீதத்திலே வந்ததே மூதாட்டியின் தாள். அவருக்கு நான் கணக்கிட்டுக் காட்டினேன். ஒரு கம்பனியின் மூலதனம் இரண்டு கோடிப் பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கையிலே 100 பங்குகள் இருந்தால் அவருடைய உரிமை இரண்டு இலட்சத்தில் ஒன்று. கம்பனி இலாபத்திலே 2 கோடி ரூபாயைப் பங்கிலாபமாகப் பகிர்ந்தால் அவருக்கு 100 ரூபாய் வரும். இலாபம் இல்லாத ஆண்டிலே ஒன்றும் வராது. அந்தத் தாளைச் சந்தையிலே விற்கலாம். ஆனால் அதற்கு முதலிற் கணக்கொன்று திறந்து, தாளை ஒப்படைத்துப் பதிய வேண்டும். அதற்குரிய படிவங்களைத் தேடித் தருவதாகவும் பேரனைக் கொண்டு நிரப்பலாம் என்றும் கூறினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அப்ப மலை இல்லீங்க. மலையில வர்ற காசுல ஒரு சொட்டு" என்றார். பொருளியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அவர் ஒரே வரியிலே கூறிவிட்டார். தாளை மடித்துக்கொண்டே, "இதத் தந்தன்னிக்கே யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருந்துருக்குமுங்க" என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பணம் கட்டிப் பெயரெழுதிய அம்ஸ்டர்டாம் பணிப்பெண்ணுக்குத் தான் பெறுவது என்னவென்று தெரிந்திருந்தது. இலவசமாகப் பெற்ற இவருக்கு அது தெரியவில்லை. கொடுத்தவர்கள் தாளை அவருக்குப் புரியும் மொழியிலே கொடுக்கவில்லை. பங்கு கொடுப்பது வேறு. பங்கு இன்னதென்று தெரியக் கொடுப்பது வேறு.

ஷேர் என்னும் சொல் நம் சம்பளத்திலும் ஏறியது. கூட்டு ஒப்பந்தங்களிலே 'பிரைஸ் ஷேர் சப்ளிமென்ட்', அதாவது விலைப்பங்குக் கொடுப்பனவு என்று ஒன்று சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டிலே அது நாளொன்றுக்கு 30 ரூபாய். 2019ஆம் ஆண்டிலே 50 ரூபாய். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். இரண்டும் சேர்ந்து 750. தேயிலை விலையிலே தொழிலாளிக்கும் பங்குண்டு என்னும் கொள்கை நல்லதே. ஆனால் அந்தப் பங்கு நாட்கூலியின் பதினைந்திலே ஒன்றாக, ஒரே தொகையாக நின்றது. இப்பொழுது சில தோட்டங்களிலே தொழிலாளருக்குத் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து வருமானத்தைப் பகிரும் முறையும் நடைபெறுகின்றது. அங்கே பங்கு மீண்டும் செடியருகே வந்திருக்கின்றது என்று சொல்லலாம். எனினும் அளப்பது யார், விலை வைப்பது யார் என்பவற்றைப் பொறுத்தே அதன் நன்மை அமையும்.

நேயர்களே, பங்கு என்னும் சொல் பொருள்களோடு நின்றிருந்தால் இப்பேச்சை இங்கே முடித்திருப்பேன். அச்சொல் ஒருமுறை மனிதர்களின் மேலேயே பாய்ந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையக மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஏறத்தாழ 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. 3,00,000 பேர் இலங்கையின் பங்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்று முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டிலே அந்த எச்சமும் 75,000, 75,000 எனச் சரிபாதியாக வெட்டப்பட்டது. கணக்கிலே மீதி இல்லை. ஆனால் குடும்பங்களிலே மீதி இருந்தது. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு பங்கிலும் தம்பி மறு பங்கிலும் விழுந்தனர். என் பெரியப்பா குடும்பத்தார் 1970களிலே தலைமன்னாரிற் கப்பலேறினார்கள். வழியனுப்பச் சென்ற என் தந்தையார் திரும்பி வந்து நெடுநாள் பேசாமல் இருந்தார் என்று அன்னையார் கூறுவார். எங்கள் வீட்டிலே பங்காளிச் சண்டை நடந்ததில்லை. பங்காளியே இல்லாமற் போய்விட்டார்.

இந்நாட்டிலே எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது. அதன் பின்னரும் நம் மக்கள் பங்கு என்ற சொல்லைக் கேட்டால் முதலில் அஞ்சுகின்றனர், பிறகே ஆசைப்படுகின்றனர். அவ்வச்சத்தின் வரலாறு இதுவாகும். வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கோர் உறுதியும் வேண்டும் என்று அவர்கள் கேட்பதன் பொருளும் இதிலிருந்தே விளங்கும். அவர்கள் கேட்பது கண்ணாற் காணவும் காலால் மிதிக்கவும் கூடிய பங்கு. மூதாட்டி "எந்தப் பக்கம்" என்று கேட்ட அந்தப் பங்கு.

இனி, இச்சொல்லாராய்ச்சியால் விளையும் பயன் யாது? ஷேர் என்றாலும் பங்கு என்றாலும் வேரிலே இருப்பது ஒரு வெட்டு. ஆகவே எவரேனும் உங்களுக்குப் பங்கு தருகின்றேன் என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, வெட்டப்படுவது எது? நிலமா, விளைவா, இலாபமா, அல்லது வெறும் பெயரா? இரண்டாவது, வெட்டுகிறவர் யார்? மூன்றாவது, முதலில் எடுக்கிறவர் யார்? வீட்டிலே இரு பிள்ளைகளுக்கு ஒரு கொழுக்கட்டை இருந்தால் நம் தாய்மார் என்ன செய்கின்றனர்? ஒரு பிள்ளையைப் பிட்கச் சொல்லி, மற்றப் பிள்ளையை முதலில் எடுக்கச் சொல்கின்றனர். பிட்கிற கை தானாகவே நடுவு நிற்கும். பகல் என்னும் சொல்லிலே நம் முன்னோர் வைத்த அறம் அதுவே.

மாணவர்க்கும் ஒரு சொல். தோட்டத்து மக்களிடம் வரும் தாள்கள் இன்னும் பல, அவர்களுக்குப் புரியாத மொழியிலேயே வருகின்றன. உங்கள் வீட்டிலே பாட்டியின் பெட்டியிலே, சேலை மடிப்பிலே அத்தகைய தாள் ஏதேனும் இருந்தால் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் கற்ற கல்வியிலே அவர்களுக்குரிய பங்கு அது.

அந்த மூதாட்டியின் பேரன் சென்ற வாரம் படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன, திருத்திக் கொடுத்தேன். பங்கின் உரிமையாளர் என்னும் இடத்திலே பாட்டியின் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தான்.